ஸ்பெயின் தேசத்துக்குத் தமிழ் வழியாக

அயல் தேசம் சென்று திரும்பியவனை ஊரார் மூன்று கேள்விகள் கேட்பது வழக்கம். எவ்வளவு செலவாயிற்று, என்ன சாப்பிட்டீர்கள், என்ன வாங்கி வந்தீர்கள்? சென்ற கோடை விடுமுறையில் நானும் என் மனைவியும் ஸ்பெயின் தேசத்தில் மூன்று வாரம் கழித்துவிட்டு மணியாச்சிக்குத் திரும்பியபோதும் இக்கேள்விகள் குறைவின்றிக் கேட்கப்பட்டன. ஆனால், அங்கே என்ன பாஷை பேசினீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. இருபது வருஷமாக ஆங்கிலம் போதிக்கும் உபாத்தியாயருக்கு அதில் என்ன கஷ்டம் இருக்கப்போகிறது என்று நினைத்துவிட்டார்கள் போலும்!

கஷ்டம் அதில்தான் இருந்தது. பார்ஸிலோனா, மாட்ரிட் போன்ற பெரிய பட்டணங்களின் ஹோட்டல்களிலும் பொருட்காட்சி சாலைகளிலும் ஆங்கிலம் செல்லும். பஸ் நிலையத்திலும், காய்கறிச் சந்தையிலும், சிற்றூர்ச் சிற்றுண்டிச் சாலையிலும் அது செல்லாத காசு. அங்குள்ளவர்கள் புன்னகை செய்வார்கள், அவ்வளவுதான். ஸ்பெயினில் மட்டுமல்ல, மெக்ஸிகோ முதல் அர்ஜென்டினா வரை ஸ்பானிஷ் பேசும் தேசங்களுக்குப் போகிறவர்கள் எல்லாரும் இதற்குத் தயாராக வேண்டும். நம் ஊர்ப் பாங்குகளில் ஆங்கிலத்தில் அச்சிட்ட பாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, யாராவது படித்தவர் வரமாட்டாரா என்று நிற்கும் சம்சாரிகளை நாம் தினந்தோறும் பார்க்கிறோம். கிரானடா நகரத்து பஸ் நிலையத்தில், எம்.ஏ. பட்டம் பெற்ற நான் ஓர் அறிவிப்புப் பலகையின் முன் அதே நிலையில் நின்றேன். அந்த அரைமணி நேரத்தின் அனுபவத்தை எந்தக் கலாசாலையும் எனக்குத் தந்ததில்லை.

ஆகவே, புறப்படுவதற்கு மூன்று மாதம் முன்பே கொஞ்சம் ஸ்பானிஷ் படித்துக்கொள்ளுங்கள் என்பதே என் முதல் யோசனை. இரண்டாவது யோசனை அதைக் காட்டிலும் முக்கியமானது: அதை ஆங்கிலத்தின் வழியாகப் படிக்காதீர்கள். தமிழனாகப் பிறந்தவன் ஆங்கிலத்தின் வழியாக ஸ்பானிஷ் கற்பது, மணியாச்சியிலிருந்து கோவில்பட்டி போவதற்குத் தூத்துக்குடி ரயிலில் ஏறுவதற்கு ஒப்பாகும்.

காரணம் சொல்கிறேன். ஆங்கிலேயன் 'நான் காப்பியை விரும்புகிறேன்' என்பான். ஸ்பானியனோ 'மே குஸ்தா எல் கஃபே' என்கிறான். ஆங்கிலப் புத்தகங்கள் இந்த வாக்கியத்தை விளக்கப் பக்கம் பக்கமாகப் பாடுபடுகின்றன. நமக்கு விளக்கமே வேண்டாம். 'எனக்குக் காப்பி பிடிக்கும்' என்பதுதான் அது. அதே நான்காம் வேற்றுமை; அதே போலக் காப்பிதான் எழுவாய். 'மே துவேலே லா கபேசா' என்றால் 'எனக்குத் தலை வலிக்கிறது'. 'நான்', 'நாம்' என்று ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டுவதில்லை. 'போகிறேன்' என்பதில் 'நான்' அடங்கியிருப்பதைப் போல 'வோய்' என்பதிலும் அடங்கியிருக்கிறது. நீ என்பதற்கு 'து', நீங்கள் என்பதற்கு 'உஸ்தேத்'. ஸ்பெயினில் இக்காலத்து இளைஞர்கள் அந்நியரையும் 'து' என்றே அழைக்கிறார்கள். ஆயினும் முதியவர்களிடம் 'உஸ்தேத்' சொல்வதே அழகு.

ஒலிகளும் நமக்குச் சொந்தமானவையே. ஆங்கிலேயரின் நாக்கில் எளிதில் ஏறாத 'ஞ' நமக்குக் குழந்தைப் பருவத்திலேயே வந்துவிடுகிறது; 'மஞானா' என்றால் நாளை. 'பெரோ' என்றால் ஆனால். 'பெறோ' என்று றகரத்தை உருட்டிச் சொன்னால் நாய். ரகர றகர பேதத்துக்காகப் பள்ளிக்கூடத்தில் நாம் வாங்கிய அடிகள் வீண்போகவில்லை! மேஜையை அவர்கள் 'மேஸா' என்பார்கள், அலமாரியை 'அர்மாரியோ' என்பார்கள். இவை போர்த்துக்கீசியர் மூலம் நமக்கு வந்த சொற்களாகையால் ஸ்பானிஷுக்குப் பங்காளி முறை. கொத்தனாரை நாம் மேஸ்திரி என்கிறோம் அல்லவா? அதற்கு உறவான 'மயெஸ்த்ரோ' அங்கே பள்ளி ஆசிரியரைக் குறிக்கும். இது எனக்கு மிகவும் திருப்தியளித்தது.

மொழியில் முள் இல்லாமலில்லை. மேஜை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்கிறார்கள். உயிரற்ற பொருள்களையெல்லாம் அஃறிணை என்று ஒதுக்கிவிட்ட நம் முன்னோரின் விவேகத்தை அங்கேதான் நான் மெச்சினேன். நல்ல வேளையாக, பாலை மாற்றிச் சொன்னாலும் அர்த்தம் புரிந்துகொள்கிறார்கள்.

நம் பக்கத்திலேயே இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. 1542-ஆம் வருஷம் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், ஸ்பெயினின் வடக்கே நவார்ரா நாட்டில் ஹாவியேர் என்னும் கோட்டையில் 1506-இல் பிறந்தவர். அந்த ஹாவியேர்தான் நம் வாயில் சவேரியார் ஆயிற்று. அவர் ஜபங்களைத் தமிழில் பெயர்த்து எழுதச் செய்து, மனப்பாடம் பண்ணிக்கொண்டு, கையில் மணியுடன் ஊர் ஊராகச் சென்றார். அவர் செய்த வேலை வேறு, நம் உல்லாசப் பிரயாணம் வேறுதான். ஆனால் இலக்கணம் முழுவதும் கற்ற பிறகே வாயைத் திறப்பேன் என்று அவர் காத்திருக்கவில்லை.

கிரானடாவில் ஓர் இரவு என் மனைவிக்குக் கடுமையான வயிற்றுவலி கண்டது. இரவு பத்து மணி. பச்சைச் சிலுவை விளக்கு எரியும் இடமெல்லாம் மருந்துக்கடை என்று தெரிந்திருந்தபடியால் ஓடினேன். கடையிலிருந்த அம்மாளுக்கு ஆங்கிலம் ஒரு வார்த்தைகூடத் தெரியவில்லை. கைத்தொலைபேசியில் மொழிபெயர்க்கலாமென்றால் அது உயிரை விட்டிருந்தது. மனத்துக்குள் தமிழில் சொல்லிப் பார்த்தேன்: 'என் மனைவிக்கு வயிறு வலிக்கிறது'. பிறகு வார்த்தைக்கு வார்த்தை, 'ஆ மி முஹேர் லே துவேலே எல் எஸ்தோமகோ' என்றேன். அந்த அம்மாளின் முகம் மாறிவிட்டது. எவ்வளவு நேரமாக, வாந்தி உண்டா என்றெல்லாம் கையும் வாயுமாகக் கேட்டு மருந்து கொடுத்தாள். வலி அதிகமானால் 112 என்னும் எண்ணைக் கூப்பிடும்படி காகிதத்தில் எழுதியும் கொடுத்தாள். விடியுமுன் வலி நின்றது.

இனி மற்ற விஷயங்கள். விஸாவுக்கு ஆறு மாதம் முன்பே மனுச் செய்யலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத வைத்திய இன்ஷியூரன்ஸ் அவசியம். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் நம்மில் பலர் தகப்பனார் பெயரைப் போட்டிருப்போம். அங்கே ஒவ்வொருவருக்கும் குடும்பப் பெயர் இரண்டு, தந்தை வழியில் ஒன்று, தாய் வழியில் ஒன்று. கல்யாணத்தினால் பெண்களின் பெயர் மாறுவதில்லை. இன்ஷியலை மட்டும் வைத்துக் காலம் தள்ளும் நம்மைக் கண்டால் விழிக்கிறார்கள். மதுரைக்கு வடக்கே கால் வைக்காத என் தகப்பனாரை, செவில் நகரத்து ஹோட்டலில் மூன்று நாள் காலை மாலை 'செஞோர்' போட்டு அழைத்தார்கள். என்னைத்தான் அழைக்கிறார்கள் என்று தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்தேன். டிக்கெட்டுகளை எல்லாம் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரிலேயே வாங்குங்கள். அல்ஹாம்ப்ரா அரண்மனைக்குப் பல வாரங்கள் முன்பே வாங்கிவிடுவது நலம். உள்ளே செல்லும் நேரம்கூட அதில் குறித்திருக்கும்.

மத்தியான போஜனம் இரண்டு மணிக்கு மேல். இராச் சாப்பாடு ஒன்பதுக்கு மேல். 1940-இல் கடிகாரத்தை ஜெர்மனியின் நேரத்துக்கு மாற்றியவர்கள் பிறகு திருப்பி வைக்கவேயில்லை. கோடையில் சூரியன் அஸ்தமிக்கவே ஒன்பதரை மணியாகிறது. சைவ உணவுக்காரர்கள், மாமிசம் வேண்டாம் என்று சொல்வதோடு நிறுத்தக்கூடாது. பன்றித் தொடைக்கறியையும் மீனையும் சிலர் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. காய்கறிக் கலவையின்மேல் மீன் துண்டு உட்கார்ந்திருக்கும். 'சின் கார்னே, சின் ஹமோன், சின் பெஸ்காதோ' என்று மூன்றையும் சொல்ல வேண்டும். மிளகைத் தேடிப் புறப்பட்ட கொலம்பஸ் மிளகாயைக் கொண்டுவந்து சேர்த்த தேசத்தில் காரம் என்பது பெயரளவில்தான். பொடியும் ஊறுகாயும் எடுத்துச் செல்லலாம். பாலும் மாமிசமும் சேர்ந்த பண்டங்களை ஐரோப்பாவுக்குள் விடுவதில்லையாகையால் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவை மறந்துவிடுங்கள். கோவில்பட்டிக் கடலைமிட்டாய் தாராளமாகப் போகும்.

ஸ்பெயின் முழுவதும் ஸ்பானிஷ்தான் என்று எண்ண வேண்டாம். பார்ஸிலோனாவில் கத்தலான் பாஷை உண்டு. 1939 முதல் 1975 வரை பிராங்கோவின் ஆட்சியில் அது பள்ளியிலும் பொதுவிடங்களிலும் ஒடுக்கப்பட்டிருந்தது. அங்கே காலையில் 'போன் தியா' என்று அவர்கள் பாஷையில் சொல்லிப் பாருங்கள்; அதன் பலன் உடனே தெரியும்.

வலென்சியா நகரத்தை மட்டும் வியாழக்கிழமையில் அமையும்படி வைத்துக்கொள்ளுங்கள். தூரியா ஆற்று வாய்க்கால்களின் பாசன வழக்குகளைக் குடியானவர்களே விசாரிக்கும் நீர் நியாயஸ்தலம், வியாழன்தோறும் பகல் பன்னிரண்டு மணிக்குப் பேராலயத்து வாசலில் கூடுகிறது. அராபியர் ஆண்ட காலத்திலிருந்து வரும் ஏற்பாடு என்பார்கள். 2009-இல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் பாரம்பரியச் செல்வமாக ஏற்றது. எட்டு வாய்க்கால்களின் பிரதிநிதிகள் கறுப்பு அங்கி அணிந்து வட்டமாக அமர்கிறார்கள். வக்கீல் இல்லை; எல்லாம் வாய்மொழியாக, அதுவும் வலென்சியப் பாஷையில். தண்ணீரை முறை தவறித் திருப்பியவனுக்கு அங்கேயே தீர்ப்பு; அப்பீலும் கிடையாது. கண்மாய் மடையைத் திறப்பதில் வருஷக்கணக்காகக் கோர்ட்டுக்கு நடப்பவர்களைக் கண்டு வளர்ந்த கரிசல்காட்டுக்காரனுக்கு இதைவிட்டு நகர மனம் வராது. நாங்கள் போன அன்று வழக்கு ஒன்றும் இல்லை. வாய்க்கால்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூவினார்கள். பிராது சொல்ல ஒருவரும் வரவில்லை. ஐந்து நிமிஷத்தில் எழுந்து போய்விட்டார்கள். அநேக வாரங்களில் இப்படித்தானாம். ஆகையால் பதினொன்றரை மணிக்கே போய் முன்வரிசையில் இடம் பிடித்துக்கொள்ளுங்கள்.