கங்கைக் கரையில் அரைவாசிக் கூடுகள்

திருகோணமலையிலிருந்து மூதூர் பஸ். 396 மீட்டர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009இல் வருவதற்கு முன், இங்கே வாகனங்களைப் ‘பாதை’ என்கிற மிதவையில் ஏற்றித்தான் கடத்தினார்கள். கங்கைப் பாலம் தாண்டி இறங்கினேன். இங்கே கங்கை என்றால் மகாவலி. 335 கிலோமீட்டர் வந்த ஆறு, கொட்டியாரக் குடாவை நெருங்கும்போது கலங்கலாக, அவசரமில்லாமல் போகிறது.

தேத்தண்ணிக் கடையில் பிளேன்டீ 50 ரூபாய். தூக்கணாங்குருவி பார்க்க வந்தேன் என்றதும் முதலாளி உதட்டைப் பிதுக்கினார். “முந்தி நிறைய இருந்தது தம்பி. இப்ப அரைவாசி கட்டிப்போட்டு விட்டிட்டுப் போகுதுகள். வயலுக்கு அடிக்கிற மருந்துதான்.”

வாய்க்கால் வரம்பில் அறுநூறு எட்டு நடந்தேன். பெரும்போக நெல் குடலையில் நின்றது. தண்ணீருக்கு மேல் சாய்ந்த ஒரு பனை. கூடுகளை இரண்டு முறை எண்ணினேன்: பத்தொன்பது. குழாய் இறங்கிய முழுக்கூடு ஏழு. மற்றப் பன்னிரண்டும் தலைக்கவசம் போல அடி திறந்த அரைக்கூடு. முதலாளி சொன்னது சரிதானோ?

வரம்பிலேயே குந்தினேன். மஞ்சள் தொப்பிச் சேவல் ஒன்று நெல்லோலையை நாராகக் கிழித்து வந்து அரைக்கூட்டில் கோத்தது. பேடு வந்ததும் எல்லாச் சேவல்களும் சிறகடித்துச் ‘சிர்சிர்’ என்று கத்தின. பாட்டின் முடிவில் ஒரு இழுவை. பேடு ஒரு கூட்டுக்குள் நுழைந்து நாரை இழுத்துப் பார்த்தது, பறந்துவிட்டது. அடுத்த கூட்டிலும் அதே சோதனை.

பறவையியலாளர் சாலிம் அலி 1930இல் மகாராட்டிரத்தின் கிஹிமில் கண்டதும் இதைத்தான். சேவல் அரைவாசி கட்டிக் காத்திருக்கும். பேடு ஏற்றால்தான் முட்டை அறையும் குழாயும். பிறகு அதே சேவல் வேறு பேட்டுக்காக அடுத்த கூட்டைத் தொடங்கும். பிடிக்காத கூடு அப்படியே தொங்கும். ஆக, அரைக்கூட்டை மட்டும் வைத்துக் குருவி ஓடிவிட்டது என்று சொல்ல முடியாது.

புல் அறுத்துக்கொண்டிருந்த அக்கா, கூட்டுக்குள் களிமண்ணில் மின்மினியை ஒட்டி விளக்கேற்றும் என்றார். விழுந்து கிடந்த கூடொன்றைப் பிரித்தேன். களிமண் இருந்தது, கல்லாய்க் காய்ந்து. மின்மினி இல்லை.

இருபது எட்டில் இன்னொரு பனை. ஓலையை வேலிக்கு வெட்டியிருந்தார்கள். குருத்து மட்டும் நின்றது. அதில் ஒரு கூடும் இல்லை. உலக அளவில் தூக்கணாங்குருவி ஆபத்தில்லாத பறவைப் பட்டியலில்தான் இருக்கிறது. ஆனால் தொங்க ஓலை வேண்டுமே. மருந்தை நான் பார்க்கவில்லை. வெட்டிய ஓலையைப் பார்த்தேன்.

திரும்பி வந்து கணக்கைச் சொன்னேன். முதலாளி கிளாஸைக் கழுவியபடி சிரித்தார்.

“எங்கட பக்கம் பொம்பிளை வீட்டார்தான் வீடு கட்டிக் குடுக்கிறது. இதுகள் மாறியெல்லோ கிடக்கு!”