கால் நீட்ட ஒரு சாண் இடம்

திருச்சிக்கோ சென்னைக்கோ விமானச் சீட்டு வாங்கும்போது எதையெல்லாம் பார்க்கிறீர்கள்? கட்டணத்தைப் பார்ப்பீர்கள். பெட்டிக்கு எத்தனை கிலோ என்று கேட்பீர்கள். கால் வைக்க எவ்வளவு இடம் என்று கேட்டதுண்டா? நானும் கேட்டதில்லை, என் தாயாரைத் திருச்சிக்கு அழைத்துப் போகும் வரையில்.

அம்மா சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் முப்பது ஆண்டுகள் பால் மரம் வெட்டியவர். அந்த ரப்பர் மரங்கள் போய், இன்று அங்கே செம்பனை நிற்கிறது. முழங்கால் வலி மட்டும் அம்மாவுடன் ஈப்போவுக்குக் குடிவந்துவிட்டது.

சிறு வயதில் தாத்தாவுடன் 'ரஜூலா' கப்பலில் நாகப்பட்டினம் போன கதையை அம்மா இன்றும் சொல்வார். 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் 1970களின் தொடக்கம் வரை ஓடியது. பினாங்கிலிருந்து பல நாள் பயணம். தளத்தில் பாய் விரித்துக்கொள்ள வேண்டியதுதான். "வாந்தியும் மயக்கமுமாப் போனோம். ஆனா காலை நீட்டிப் படுத்துக்கிட்டுப் போனோம்" என்பார்.

விமானத்தில் கணக்கே வேறு. ஓர் இருக்கைக்கும் அதன் முன் இருக்கைக்கும் உள்ள தூரத்தை அங்குலத்தில் சொல்வார்கள். மலிவுக் கட்டண விமானங்கள் பலவற்றில் அது 28 அல்லது 29 அங்குலம். மற்றவற்றில் பெரும்பாலும் 30 முதல் 32 வரை. இருக்கையின் கனமும் அதற்குள்ளேதான் அடக்கம். அதுபோக உங்கள் முழங்காலுக்கு மிஞ்சுவது எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு நல்லது செய்வதாக நினைத்து, கூடுதல் பணம் கட்டி, அவசரக் கதவு வரிசையில் இடம் வாங்கினேன். அங்கே கால் தாராளமாக நீளும் என்பது உண்மைதான். ஆனால் ஆபத்து வேளையில் அந்தக் கதவைத் திறந்து உதவ வேண்டியவர்கள் அங்கே உட்காருபவர்களே. ஆகவே சிறுவர்கள், கர்ப்பிணிகள், நடக்கத் தடுமாறும் முதியவர்கள் ஆகியோருக்கு அந்த வரிசை கிடையாது. அம்மாவின் கைத்தடியைக் கண்ட பணிப்பெண், மரியாதையாகவே அவரைப் பின்வரிசையின் நடு இருக்கைக்கு மாற்றிவிட்டார். "முப்பது வருஷம் பால் வாளி தூக்குனவ, ஒரு கதவைத் திறக்க மாட்டேனா?" என்று அம்மா கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. விதியைப் படிக்காமல் வாங்கியது என் தவறு.

நான்கு மணி நேரம் அந்த நடு இருக்கையில் அம்மா பட்ட பாட்டைப் பார்த்தபோதுதான் ஒன்று புரிந்தது. அம்மா குள்ளம். அவர் பாதம் தரையைத் தொடவே இல்லை. இருக்கையின் விளிம்பு முழங்காலின் பின்புறத்தை அழுத்திக்கொண்டே இருந்தது. அவருக்கு வேண்டியிருந்தது கால் நீட்ட இடமன்று, கால் ஊன்ற இடம்!

இது வெறும் சௌகரியப் பேச்சல்ல. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால், காலில் இரத்தம் உறையும் வாய்ப்பு இரு மடங்காகும் என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் அறிவித்தது. இது ஏறக்குறைய 6,000 பேரில் ஒருவருக்கு நேர்வதுதான், பயப்பட வேண்டாம். ஆயினும் மிக உயரமானவர்களைப் போலவே குள்ளமானவர்களுக்கும் இது அதிகம் என்று அதே அறிக்கை சொல்கிறது.

நம் ஈப்போவாசிகள் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். அமான்ஜெயாவில் பேருந்து ஏறி கேஎல்ஐஏ சேரவே மூன்று மணி நேரத்துக்கு மேலாகும். விமானத்தில் உட்காருமுன்பே கால் பாதி மரத்துவிடும். ஆகவே விமான நிலையத்தில் காத்திருக்கும் நேரத்தில் நாற்காலியைத் தேடாமல் கொஞ்சம் நடந்து கொடுங்கள்.

இனி இடம் பார்க்கும் விதம். உடல் திடமுள்ள உயரமானவருக்கு அவசரக் கதவு வரிசை பொருந்தும். அடுத்தடுத்து இரண்டு வரிசைகள் இருந்தால் பின்னதை எடுங்கள். முன்னதன் முதுகுச் சாய்மானம் பெரும்பாலும் சாயாது. முதியவருக்கு முதல் வரிசை நல்லது. முன்னால் யாரும் சாய மாட்டார்கள். ஆனால் விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் கைப்பையைக் காலடியில் வைக்க விடமாட்டார்கள். அதற்கும் பணமில்லையென்றால் நடைபாதை ஓர இருக்கையே போதும். எழுந்து நடக்கலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

திரும்பி வரும்போது அம்மாவுக்கு நடைபாதை ஓரத்தில் இடம் வாங்கினேன். விமானம் மேலே ஏறியதும் என் துணிப்பையை அவர் பாதத்தின் கீழ் வைத்தேன். மணிக்கு ஒரு தரம் எழுப்பி நடக்க வைத்தேன். கோலாலம்பூரில் தானே எழுந்து நடந்து இறங்கினார்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களை ஊருக்கு அழைத்துப் போகிறீர்களா? முதலில் அவர்களை ஒரு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்காரச் சொல்லுங்கள். பாதம் தரையைத் தொடுகிறதா என்று குனிந்து பாருங்கள். அதன் பிறகு சீட்டு வாங்குங்கள்.