கதவில் தொங்கும் ஸ்டெப்னி

லாரி டிரைவரிலிருந்து டாக்ஸி டிரைவர் வரை எல்லோரும் 'ஸ்டெப்னி' என்கிறார்களே, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்று ஓர் ஊர். அங்கே ஒரு தெருவின் பெயர்தான் ஸ்டெப்னி. அந்தக் காலத்துக் கார்களில் மாற்றுச் சக்கரம் என்ற ஒன்றே கிடையாது. பஞ்சர் ஆனால் நடுரோட்டில் உட்கார்ந்து ஒட்டித்தான் ஆக வேண்டும். 1904-ல் அந்த ஊர் டேவிஸ் சகோதரர்கள் ஆரக்கால் இல்லாத ஒரு ரிம்மில் டயரை மாட்டி, பஞ்சரான சக்கரத்தோடு சேர்த்து இறுக்கி ஓட்டுகிற வழியைக் கண்டுபிடித்தார்கள். தெருவின் பெயரே பொருளுக்குப் பெயராகிவிட்டது. பிரேசிலில்கூட மாற்றுச் சக்கரத்துக்கு 'எஸ்தெப்பி' என்றுதான் பெயர்!

சொல் பழசு. ஆனால் அந்தச் சக்கரத்தை வண்டியில் எங்கே வைப்பது என்ற கேள்வி மட்டும் இன்னும் தீர்ந்தபாடில்லை. சாதாரணக் காரில் டிக்கியின் அடியில் ஒரு பள்ளம் போட்டு வைத்துவிடலாம். காடு மேடெல்லாம் ஏறும் ஜீப் வகை வண்டிகளுக்கு அது சரிப்படாது. இரும்பு ரிம்மோடு அந்தச் சக்கரம் 35, 40 கிலோ இருக்கும். ஆசைப்பட்டு இன்னும் பெரிய டயர் போட்டால் 50 கிலோவைத் தொடும். அதாவது ஒரு மூட்டை சிமெண்ட்!

இதை எங்கே வைக்கலாம்? வண்டிக்கு அடியில் தொங்கவிட்டால், மேட்டிலிருந்து இறங்கும்போது தரையில் இடிக்கும். சேற்றில் சிக்கிய நேரத்தில் அடியில் படுத்து அதைக் கழற்றுவது பெரும் பாடு. கூரை மேல் வைத்தால் எடை உயரத்துக்குப் போகிறது, சரிவில் வண்டி கவிழும் ஆபத்து கூடும். தனி ஆளாக 40 கிலோவை அங்கிருந்து இறக்குவதும் லேசான காரியமில்லை. பழைய லேண்ட் ரோவர்களில் பானெட் மேல் வைத்தார்கள். முன்பக்கப் பார்வை கொஞ்சம் மறைந்தது, எண்ணெய் பார்க்க பானெட்டைத் தூக்கினால் கையும் வலித்தது.

மிச்சமிருப்பது பின்கதவு. இடுப்பு உயரம், எடுப்பது சுலபம், உள்ளே இடமும் மிச்சம். பார்ப்பதற்கும் கம்பீரம். அதனால்தான் லேண்ட் ரோவர் டிஃபெண்டர், மெர்சிடிஸ் ஜி கிளாஸ், ஜீப் ராங்ளர், சுஸுகி ஜிம்னி, மஹிந்திரா தார் என்று பல வண்டிகளிலும் ஸ்டெப்னி முதுகில் ஏறிக்கொண்டது.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. கதவு என்பது திறந்து மூடுவதற்கு ஆனது. அதன் எடையை ஒரு ஓரத்தில் உள்ள கீல்கள் மட்டுமே தாங்குகின்றன. ஒரு சின்னக் கணக்கு. சக்கரம் 40 கிலோ, அதன் மையம் கீலிலிருந்து 40 செ.மீ. தள்ளி, மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் இடைவெளி 50 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவு திறந்திருக்கும்போது மேல் கீலைப் பிடுங்கும் விசை 32 கிலோ எடைக்குச் சமம். அதே அளவு கீழ்க் கீலை அழுத்தும். கதவின் சொந்த எடை தனி. மூடியிருந்தால் லாக் கொஞ்சம் பங்கு போட்டுக்கொள்ளும். ஆனாலும் சக்கரம் கதவுக்கு வெளியே தள்ளித்தானே தொங்குகிறது? அது கதவுத் தகட்டை ஓயாமல் வெளிப்பக்கம் வளைக்கப் பார்க்கும்.

நிற்கும் வண்டிக்கே இந்தக் கணக்கு. ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு மண் சாலைகளை நினைத்துப் பாருங்கள். கிப் ரிவர் ரோடு சுமார் 660 கி.மீ. நீளம். இந்த மாதிரி சாலைகளில் தகரக் கூரை போல வரிவரியாக மேடும் பள்ளமும் விழுந்திருக்கும். வரிகளுக்கு நடுவே முக்கால் மீட்டர் இடைவெளி, வேகம் மணிக்கு 72 கி.மீ. என்றால் நொடிக்கு ஏறக்குறைய 27 குலுக்கல், ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 96 ஆயிரம்! ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் கடைசியில் 'பட்'டென்று ஒடிகிறதல்லவா? கதவுக்கு நடப்பதும் அதுதான். ஒரே அடியில் உடைவதில்லை, களைத்துப் போய் உடைகிறது.

2016-ல் உற்பத்தி நின்ற பழைய டிஃபெண்டரின் பின்கதவு இதற்கு நல்ல உதாரணம். இரும்புச் சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு போர்த்திய கதவு அது. இரும்பும் அலுமினியமும் தொடும் இடத்தில் ஈரம் சேர்ந்தால் அரிப்பு வரும். அரித்த இடத்தில் 40 கிலோ குலுங்கினால்? சக்கரம் மாட்டும் போல்ட்டைச் சுற்றி மயிரிழை போல் விரிசல், பிறகு கதவு தொங்கல், பிறகு லாக் சரியாக விழாமல் 'கடகட' சத்தம். அந்தச் சத்தத்தை அலட்சியப்படுத்தினால் ஆபத்து. சுமார் 1,850 கி.மீ. நீளமுள்ள கேனிங் ஸ்டாக் ரூட் மாதிரி பாலைவனத் தடத்தில் கதவு பிய்ந்தால், ஸ்டெப்னி எங்கோ மணலில் கிடக்கும். அதற்கு 100 கி.மீ. தாண்டி டயர் கிழிந்தால் உதவிக்கு யார் வருவார்கள்? உயிரைக் காக்க எடுத்துப்போன பொருளே கைவிட்டுவிடும்.

இதற்கு அனுபவசாலிகள் கண்ட வழி, சக்கரத்தைக் கதவிலிருந்து பிரித்துவிடுவது. பின் பம்பரிலோ சேஸிஸிலோ ஊன்றிய தனிக் கையில் சக்கரத்தை மாட்டுகிறார்கள். முதலில் அந்தக் கையை ஒதுக்கிவிட்டுப் பிறகு கதவைத் திறக்க வேண்டும். ஒரு வேலை கூடுதல்தான், வண்டியின் எடையும் கூடும். ஆனால் சுமை, அதைத் தாங்கத் தெரிந்த இடத்துக்குப் போய்விடுகிறது.

அப்படியும் ஒரு கணக்கு மிச்சமிருக்கிறது. பழைய டிஃபெண்டர் 110-ன் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.79 மீட்டர். பின் அச்சுக்கு 1 மீட்டர் பின்னால் 40 கிலோ வைத்தால், பின் அச்சில் ஏறுவது 40 அல்ல, சுமார் 54 கிலோ. அந்தக் கூடுதல் 14 கிலோ முன் அச்சிலிருந்து குறைகிறது. சீசா பலகை மாதிரி! பின்னால் தண்ணீர், டீசல் கேன் என்று அடுக்குபவர்கள் இதை மறக்கக் கூடாது.

தனிக் கை வாங்க வசதி இல்லாதவர்கள் என்ன செய்யலாம்? கம்பெனி கொடுத்த அளவை விடப் பெரிய டயரைக் கதவில் மாட்டாமல் இருக்கலாம். மண் சாலையில் டயர் காற்றைக் கொஞ்சம் குறைத்து, வேகத்தையும் குறைத்தால் குலுக்கல் நன்றாகவே குறையும். புறப்படும் முன் சக்கரத்தின் அடிப்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். சக்கரம் மட்டும் ஆடினால் நட்டை இறுக்கினால் போதும். கதவும் சேர்ந்து ஆடினால் கீலையும் லாக்கையும் பார்க்க வேண்டும். தகட்டில் விரிசல் தெரிந்தால் அந்தப் பயணத்துக்காவது ஸ்டெப்னியை வண்டிக்குள் வைத்துக் கட்டிவிடுவது நல்லது.

அப்படியே அதில் காற்று இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். கதவு தாங்கி, கீல் தாங்கி, கடைசியில் பஞ்சரான அன்று ஸ்டெப்னியில் காற்றில்லை என்றால், அவ்வளவு தூரம் சுமந்ததெல்லாம் வீண்தானே!