ஏழு மணி நேரம் என்றது திரை

அக்கா மகள் ஆய்வேடு எழுதத் தொடங்கியிருந்தாள். அதை அச்சுக்கோக்க அவள் மடிக்கணினியில் டெக்ஸ் லைவ் என்ற மென்பொருள் தொகுப்பை நிறுவ ராத்திரி ஒன்பது மணிக்கு உட்கார்ந்தோம். கறுப்புத் திரையில் தொகுப்பிலுள்ள ஒவ்வொரு பொதிக்கும் ஒரு வரி: எத்தனையாவது பொதி, ஆன நேரம், ஆகப்போகும் மொத்த நேரம், பெயர், அளவு. மொத்தம் நாலாயிரத்துக்கும் மேல். முப்பதைத் தாண்டுவதற்குள் ஏழு மணி நேரம் என்று காட்டியது.

"நம்ம நெட்டுதான் சரியில்லையோ மாமா?" என்றாள். அவள் கைப்பேசியில் அதே இணைப்பில் படம் தங்குதடையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

கோளாறு எங்கள் பக்கம் இல்லை. டெக்ஸ் பொதிகளுக்கான சிடான் என்ற களஞ்சியம் 1992இல் தொடங்கியது. அதன் முழுப் பிரதிகளைப் பல நாட்டுப் பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் தங்கள் செலவில் வைத்திருக்கின்றன. இவைதான் மிரர்கள். நிறுவி பொது முகவரியைத் தட்டினால், அது நமக்குப் பக்கத்து மிரர் ஒன்றுக்குக் கைகாட்டிவிடும். ஆனால் பக்கத்தில் இருப்பதெல்லாம் வேகமாக வந்துவிடாது. குறுக்கு ரோடு குண்டும் குழியுமாகக் கிடந்தால் சுற்றிப் போகிற நாற்கரச் சாலைதான் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

கன்ட்ரோல்-சி அடித்து நிறுத்தினேன். முப்பது பொதிதானே, போகட்டும். பட்டியலிலிருந்து மூன்று மிரர்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் அதே கோப்பை இறக்கி நேரம் பார்த்தோம். இருப்பதில் வேகமானது கடல் தாண்டி இருந்தது. ‘ரெபாசிட்டரி’ என்ற தெரிவோடு அதன் முகவரியைக் கொடுத்து மறுபடி ஓட்டினோம்.

"யாரோ எவரோ வச்சிருக்கிறதை நம்பலாமா?"

நல்ல கேள்வி. நம்பவே வேண்டாம் என்பதுதான் இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது. பொதி ஒவ்வொன்றுக்கும் சரிபார்ப்பு எண் உண்டு. அந்த எண்கள் உள்ள தரவுத்தளத்துக்கு 2016 முதல் டிஜிட்டல் கையொப்பமும் உண்டு. கையொப்பத்தைச் சரிபார்க்கும் ஜிபிஜி என்ற மென்பொருள் கணினியில் இருந்தால் நிறுவியே ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளும். நடுவில் யார் கைவைத்தாலும் தெரிந்துவிடும். அதனால்தான் முகம் தெரியாத எவரும் துணிந்து உதவ முடிகிறது, நாமும் தயங்காமல் வாங்கிக்கொள்ள முடிகிறது.

பத்தே முக்காலுக்கு முடிந்தது. அவள் ஆய்வகத்தில் இன்னும் நாலு பேருக்கு வேண்டுமாம். ஆளாளுக்கு அந்த மிரரிடம் போய் நிற்க வேண்டாம் என்று, முழுத் தொகுப்பின் ஐஎஸ்ஓ கோப்பை ஒரே தடவை இறக்க விட்டுவிட்டுப் படுத்தோம். காலையில் பென் டிரைவில் ஏற்றி எடுத்துப் போனாள்.