உள்ளேன், ஐயா

தமிழில் மிகச் சிறிய சுயசரிதை எது என்று யாராவது என்னைக் கேட்டால், "உள்ளேன், ஐயா" என்பதுதான் என்று சொல்வேன். "வந்திருக்கிறேன்" என்று அது சொல்வதில்லை, "இருக்கிறேன்" என்கிறது. ஆறாம் வகுப்புப் பையன் அதைக் கூரை அதிரக் கத்துவான். மீசை அரும்பியதும் குரல் இறங்கிவிடும். பத்தாம் வகுப்பைத் தாண்டினால் சில பெயர்களுக்குப் பதிலே வருவதில்லை. வாத்தியார் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார்.

நான் குடியிருப்பது பள்ளிபாளையத்துக்குப் பக்கத்தில். விசைத்தறிச் சத்தம் இங்கே எங்களுக்குச் சத்தமே அல்ல. மின்சாரம் நின்று அது ஓய்ந்தால்தான் தூக்கம் கலையும். எதிர்வீட்டுக்காரர் தறி ஓட்டுகிறவர். மகள் கலியாணத்துக்காகப் பட்டறை முதலாளியிடம் முன்பணம் வாங்கியவர். முன்பணம் என்பது இந்தப் பக்கத்தில் கடன் மாதிரி. ஆனால் கடன் அல்ல. அடைகிற வரை ஆளைப் பட்டறையை விட்டு நகர விடாது. அவருக்கு ஒருநாள் காய்ச்சல். பதினோராம் வகுப்புப் படிக்கும் மகன் இராத்திரி தறிக்குப் போனான். மறுநாள் பள்ளிக்கூடம் போகவில்லை.

"ஒரு நாள்தானுங்க, நாளைக்கு அனுப்பிப்போடறேன்" என்றார் அவன் தாயார்.

பொய் அல்ல. ஒவ்வொரு முறையும் அது ஒரு நாள்தான். ஆனால் அந்த ஒரு நாளில் கணக்கு வாத்தியார் புதிய பாடம் ஒன்றைத் தொடங்கியிருப்பார். மறுநாள் போனவனுக்குக் கரும்பலகையில் இருப்பது புரியாது. கேட்கவும் கூச்சம், பதினாறு வயதில் கூச்சத்தைப் போல் பெரிய எதிரி வேறு இல்லை. புரியாத இடத்தில் உட்கார்ந்திருப்பதைவிடத் தறியடியில் நிற்பது கௌரவமாகத் தோன்றும். அங்கே அவனுக்கு எல்லாம் தெரியும். சனிக்கிழமை கையில் கூலியும் வரும்.

ஒருநாள் அவனிடம் பேச்சுக் கொடுத்தேன். பாவில் ஓர் இழை அறுந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன்.

"உடனே தறியை நிறுத்திப் பிணைக்கோணுங்கண்ணா. இல்லாட்டித் துணி நெடுக கோடு விழுந்துக்கிட்டே போகும்."

மேற்கொண்டு நான் ஒன்றும் கேட்கவில்லை. அவனும் தலையைக் குனிந்துகொண்டான்.

குழந்தைகளைப் பள்ளிக்கூடத்துக்கு வரவழைக்கும் வித்தை இந்த நாட்டுக்குத் தெரியாததல்ல. 1956-இல் காமராஜர் மதிய உணவு போட்டார். 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவு ஆக்கினார். 1984-இல் பத்தாம் வகுப்பு வரை நீண்டது. 1989-இல் பதினைந்து நாளைக்கு ஒன்றாகத் தட்டில் விழத் தொடங்கிய முட்டை, 2010-இல் வாரத்துக்கு ஐந்து ஆயிற்று. முட்டை விஷயத்தில் எங்கள் நாமக்கல்லுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, மன்னிக்க வேண்டும். ஆனால் கவனியுங்கள்: 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 14 வயதோடு கையை எடுத்துக்கொள்கிறது. சோறு பத்தாம் வகுப்போடு முடிகிறது. பையனுடைய கைக்குச் சந்தையில் விலை ஏற்படுவதும் சரியாக அந்த வயதில்தான்.

2020-இல் கொரோனா வந்து பள்ளிக்கூடங்களை மாதக்கணக்கில் பூட்டியது. பட்டறைக்கும் கடைக்கும் கூலிக்குப் போன பிள்ளைகளில் பலர் கதவு திறந்த பிறகும் திரும்பவில்லை. 2023 மார்ச்சில் பிளஸ் டூ தமிழ்ப் பரீட்சைக்கு, பதிவேட்டில் பெயர் இருந்தும் வராதவர்கள் ஐம்பதாயிரத்துக்கு மேல். தமிழ்ப் பரீட்சைக்கு!

இதே ஜில்லாவில் இன்னொரு வகைப் பள்ளிக்கூடமும் உண்டு. வெளியூர்ப் பிள்ளைகளை விடுதியில் அடைத்து, விடிவதற்கு முன்பே எழுப்பி, மதிப்பெண்ணாகக் கறந்துவிடுவார்கள். ஜனங்கள் அவற்றுக்குப் 'பிராய்லர் பள்ளி' என்று பெயர் வைத்தார்கள்; கோழிப்பண்ணை ஊர்க்காரர்களுக்கு உவமைக்கா பஞ்சம்? அங்கே வருகைப் பதிவு நூற்றுக்கு நூறு. அதை நான் வருகை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். வராமல் இருக்க வழி இருந்தும் காலையில் கிளம்பி வருகிறானே, அவன் வருவதுதான் வருகை.

சென்ற மாதம் ஒரு சாயங்காலம் எதிர்வீட்டு வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. பையனுடைய வகுப்பு வாத்தியார். தாயார் நாற்காலி போட்டார்; அவர் உட்காரவில்லை.

"ஒரு நாள்தானுங்க..." என்று ஆரம்பித்தார் தாயார்.

"பதினோரு நாளாச்சுங்கம்மா" என்றார் வாத்தியார். ஒவ்வொரு தேதியாகச் சொன்னார்.

தகப்பனார் உள்ளேயிருந்து மெதுவாக வந்தார். "நீங்க சொல்றது நாயந்தானுங்க சார். முன்பணத்தை யாருங்க கட்டறது?"

வாத்தியார் வெகு நேரம் பேசாமல் நின்றார். பதில் இருந்தால்தானே சொல்வதற்கு? பிறகு, "காலையில எட்டரைக்கு வர்றனுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

எட்டரைக்கு வந்துவிட்டார். இராத்தறி முடிந்து அப்போதுதான் வீடு திரும்பியிருந்த பையன், சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தான். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது.