ஈருடலும் ஓருடலும்

கடலில்லாக் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து பாய்மரப் படகைப் பற்றிப் பேசுவது விந்தையாகத் தோன்றலாம். ஆயினும், ஈருடல் படகை உலகம் 'கட்டமரான்' என்று அழைப்பது நம் கட்டுமரத்தின் பெயரால்தான். பெயர் மட்டுமே நம்முடையது. நம்மவர் கட்டியது மரங்களைப் பிணைத்த மிதவை. இரட்டை உடலோ பசிபிக் தீவினரின் மரபு.

ஈருடலா, ஓருடலா? ஈருடல் தன் அகலத்தால் எளிதில் சாயாது. முற்றும் கவிழ்ந்தால் தானாக நிமிராது. கடலோடும் ஓருடல் சாய்ந்தபடியே ஓடும். அடியில் தொங்கும் ஈயக்கனம் அதை மீண்டும் நிமிர்த்தும். சாயாதிருப்பது ஒரு வலிமை. சாய்ந்தபின் எழுவது வேறொரு வலிமை.

எங்களுக்கு இது வெறும் ஏட்டறிவன்று. எங்கள் வயல்களுக்கு நீர்தரும் தேக்கடி ஏரியில், 2009 செப்டம்பர் 30 அன்று, 'ஜலகன்யகா' என்னும் ஈரடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். மேல்தளத்தில் ஆட்கள் எழுந்து ஒருபுறம் ஒதுங்கினால் எந்தப் படகும் தன் சமநிலையை இழக்கும்.

கரையோரம் குடும்பத்துடன் உலவ ஈருடல், பெருங்கடல் கடக்க ஓருடல் என்பதே எங்கள் தேர்வு. ஆனால் உடல்களை எண்ணுமுன், கனம் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று கேளுங்கள். குமுளி மலையேறிப் படகுச் சவாரிக்குச் செல்லும் எங்கள் மாணவர்களுக்கும் இதையே சொல்லி அனுப்புகிறோம்.