பதில் வராத செய்தி

மார்ச் 3

தில்லி நேரு பிளேஸ் அலுவலகத்துக்குள் நுழைந்ததுமே தம்பி ஓடி வந்தான். விருதுநகர்ப் பையன், வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. "அக்கா, ராத்திரி ஓட ஆரம்பிச்சது பாதியில நிக்குது. எரர் எதுவும் காட்டல. சாகவும் இல்ல, நகரவும் இல்ல."

பல கடைகளின் அன்றாட விற்பனைக் கோப்புகளைச் சரிபார்த்துக் கணக்கில் ஏற்றும் புரோகிராம் அது. தாய் ப்ராசஸ் ஒன்று, ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு பிள்ளை ப்ராசஸைக் கிளப்பிவிடும். பிள்ளை கோப்பைப் படித்து, கண்ட குறைகளை ஒரு பைப் வழியாகத் தாய்க்கு எழுதும். பிள்ளை வேலையை முடித்த பிறகு, பைப்பில் இருப்பதைத் தாய் படித்துக்கொள்ளும்.

ப்ராசஸ் எந்த அழைப்பில் நிற்கிறது என்று காட்டும் ஸ்ட்ரேஸ் கருவியை இரண்டின் மீதும் ஓட்டிப் பார்த்தோம். பிள்ளை எழுதும் அழைப்பில் நின்றிருந்தது; தாய் காத்திருக்கும் அழைப்பில். காரணம் உடனே விளங்கிவிட்டது. லினக்ஸில் ஒரு பைப் வழக்கமாக 65,536 பைட் மட்டுமே கொள்ளும். நேற்று வந்த ஒரு கோப்பில் குறைகள் ஏராளம். பைப் நிரம்பியது. யாராவது படித்து இடம் விட்டால்தான் பிள்ளை மேலே எழுத முடியும். பிள்ளை முடித்தால்தான் தாய் படிக்கத் தொடங்கும். இரண்டும் தமக்குச் சொன்னதைச் சரியாகச் செய்தன. சரியாகச் செய்ததாலேயே இரண்டும் நின்றுபோயின.

காத்திருக்கும்போதே படிக்கும்படி தாயை மாற்றினோம். சில வரிகளில் வேலை முடிந்தது. "இத்தனை நாள் எப்படிக்கா ஓடிச்சு?" என்று கேட்டான். சிறிய கோப்புகள் வந்ததால் ஓடியது. பைப் நிரம்பாதவரை இந்தக் கோளாறு வெளியே தெரியாது, சோதனையிலும் அகப்படாது.

இந்தப் பைப்புக்கு வயது அதிகம். நிரல்களை ஒன்றோடொன்று இணைக்க வழி வேண்டும் என்று பெல் ஆய்வுக்கூடத்தில் டக் மெக்கில்ராய் குறிப்பு எழுதியது 1964இல். கென் தாம்ப்சன் அதை யுனிக்ஸில் சேர்த்தது 1973இல். இன்றைக்கும் தினமும் அதைத்தான் பயன்படுத்துகிறோம்.

மார்ச் 6

மதியச் சாப்பாட்டின்போது தம்பி விடவில்லை. "எல்லாத்தையும் ஒரே ப்ராசஸுக்குள்ள த்ரெட்டா வச்சுட்டா இந்தத் தொல்லையே இல்லையேக்கா? எதுக்குத் தனித்தனியாப் பிரிச்சுட்டு, அப்புறம் பேச வைக்கப் பாடுபடணும்?"

நல்ல கேள்வி. ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ் வீடுகளைச் சொல்லித்தான் அவனுக்கு விளக்கினேன். ஒரே கட்டடம்தான், ஆனால் வீட்டுக்கு வீடு தனிச் சமையலறை. பக்கத்து வீட்டில் உப்பு வேண்டுமென்றால் கதவைத் தட்டிக் கேட்க வேண்டும். நாமே உள்ளே போய் டப்பாவைத் திறப்பதில்லை. ஒரு வீட்டில் பால் பொங்கி அடுப்பு அணைந்தால் மற்ற வீடுகளில் சமையல் நிற்பதில்லை.

ப்ராசஸ்களும் அப்படித்தான். ஒவ்வொன்றுக்கும் தனி நினைவகம். ஒன்றின் நினைவகத்தை இன்னொன்று தொடாதபடி இயங்குதளத்தின் மையமான கெர்னல் காவல் நிற்கிறது. த்ரெட்டுகளோ ஒரே நினைவகத்தைப் பங்கு போட்டுக்கொள்பவை. ஒன்று எழுதிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று படித்துவிடலாம். ஒன்று தடுக்கி விழுந்தால் எல்லாமே விழலாம். 2008இல் குரோம் உலாவி வந்தபோது பக்கங்களைத் தனித்தனி ப்ராசஸ்களில் ஓடவிட்டதற்கு இதுவே முக்கியக் காரணம். ஒரு பக்கம் செத்தாலும் உலாவி பிழைத்திருக்க வேண்டும்.

பிரிந்து இருப்பவை செய்தி மூலம் மட்டுமே பேச வேண்டும் என்ற சிந்தனையை டோனி ஹோர் 1978இல் ஒரு கணித ஒழுங்கோடு எழுதினார். எரிக்சன் நிறுவனத்தில் ஜோ ஆம்ஸ்ட்ராங்கும் அவருடைய தோழர்களும் எண்பதுகளின் பிற்பாதியில் உருவாக்கிய எர்லாங் மொழி, செய்தி மூலமே பேசும் இந்த வழியைத் தொலைபேசி இணைப்பகங்களுக்குக் கொண்டுபோனது. அழைப்பு ஒன்று அறுந்தால் அது மட்டும் அறுந்து போகும், இணைப்பகம் நிற்காது.

பிரிப்பதற்கு விலையும் உண்டு என்பதை அவனிடம் மறைக்கவில்லை. பைப்பில் போவது வெறும் பைட் ஓட்டம். ஒரு செய்தி எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பது அதற்குத் தெரியாது. இரண்டு செய்திகள் ஒட்டிக்கொண்டு வரலாம். ஒரே செய்தி இரண்டு துண்டாகவும் வரலாம். அதனால் ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் அதன் நீளத்தை எழுதி அனுப்புகிறோம். பல ப்ராசஸ்கள் ஒரே பைப்பில் எழுதினால், லினக்ஸில் ஒரே முறையில் எழுதும் 4,096 பைட் வரை கலையாமல் போய்ச் சேரும். அதைத் தாண்டினால் ஒருவர் பேச்சுக்குள் இன்னொருவர் பேச்சு புகுந்துவிடலாம்.

மார்ச் 9

ஞாயிறு. மே முதல் வாரம் ஊருக்குப் போக டிக்கெட் எடுக்க செம்ஸ்ஃபோர்டு சாலை முன்பதிவு மையத்துக்குப் போனேன். இப்போது 60 நாள் முன்பாகத்தான் பதிவு திறக்கிறது. அம்மாவுக்குக் கீழ் படுக்கை வேண்டும். கவுண்டரில் கேட்டு வாங்குவதில் அவளுக்கு ஒரு நிம்மதி.

வரிசையில் முன்னால் நின்றவர் தில்லியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தமிழர். பேச்சு பழைய காலத்துக்குப் போனது. "ஊருக்குப் போக இங்க எடுத்துடலாம்மா. திரும்பி வர்றதுக்குத் தந்திதான். அங்கேர்ந்து பதில் வந்தாத்தான் இடம் உண்டா இல்லையான்னு தெரியும். சில தடவை பதில் வர்றதுக்குள்ள நாங்களே ஊர் போய்ச் சேர்ந்துடுவோம்."

"பதில் வராட்டி என்ன பண்ணுவீங்க மாமா?"

"என்ன பண்றது? இடம் இருக்குன்னும் நம்ப முடியாது, இல்லைன்னும் நம்ப முடியாது."

வீட்டுக்கு வந்த பிறகும் இந்த வாக்கியம் மனத்தை விட்டுப் போகவில்லை. நான் அலுவலகத்தில் தினமும் மல்லுக்கட்டும் பிரச்சினையை அவர் முழுதாகச் சொல்லிவிட்டார்.

இந்த நாட்டில் ப்ராசஸ்கள் செய்தி பரிமாறிக்கொண்ட பெரிய கதைகளில் ஒன்று தொடங்கியது இதே தில்லியில்தான். அதற்கு முன் ஒவ்வொரு ரயிலுக்கும் நாளுக்கும் தனிப் பதிவேடு. அந்த ரயிலுக்கான கவுண்டரில்தான் நிற்க வேண்டும். 1985இல் புதுதில்லியில் கணினி முன்பதிவு முன்னோட்டமாகத் தொடங்கியது. அதற்கான இம்ப்ரெஸ் மென்பொருளை எழுதியது அரசு நிறுவனமாக இருந்த சிஎம்சி. எந்தக் கவுண்டரிலும் எந்த ரயிலுக்கும் டிக்கெட் என்ற வசதி அதோடு வந்தது. ரயில்வேயின் தகவல் அமைப்பு மையமான கிரிஸ் 1986இல் அமைந்தது. இன்றும் அது சாணக்யபுரியில் இருக்கிறது.

தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்தராபாத் என்று ஐந்து இடங்களில் கணினி மையங்கள் எழுந்தன. ஆனால் அவை ஐந்து தீவுகள். கிரிஸ் எழுதிய கான்சர்ட் மென்பொருள் 1994 செப்டம்பரில் செகந்தராபாத்தில் ஓடத் தொடங்கியது. 1999 ஏப்ரலில் ஐந்து மையங்களும் ஒரே வலையில் இணைந்தன. தந்தியின் வேலை முடிந்தது.

நான் வியப்பது அவர்கள் இணைத்த விதத்தைத்தான். எல்லா ரயில்களின் பட்டியலையும் ஒரே இடத்தில் கொட்டவில்லை. ஒவ்வொரு ரயிலின் இடங்களுக்கும் ஒரு மையமே பொறுப்பு. சென்னையின் பொறுப்பில் இருக்கும் ரயிலுக்குத் தில்லிக் கவுண்டரில் நான் கேட்டால், தில்லி அந்தப் பட்டியலைத் தொடாது; சென்னைக்குச் செய்தி அனுப்பும். சென்னை தன் பட்டியலைப் பார்த்து, இடத்தைக் குறித்து, பதில் தரும். ஒரே படுக்கையை இருவருக்குக் கொடுக்க முடியாமல் போவது இதனால்தான். ஒரு பொருளுக்கு ஒரே உடையவர். மற்றவர்கள் கேட்டுத்தான் பெற வேண்டும்.

இடையில் செய்திகளைச் சுமந்தது டிஜிட்டல் நிறுவனத்தின் ரிலையபிள் ட்ரான்சாக்‌ஷன் ரௌட்டர் என்ற மென்பொருள். கேட்கும் ப்ராசஸுக்கும் கொடுக்கும் ப்ராசஸுக்கும் நடுவில் நின்று, பாதியில் இணைப்பு அறுந்தால் அந்தப் பரிவர்த்தனை முடிந்ததா, கைவிடப்பட்டதா என்பதைத் தீர்த்து வைப்பது அதன் பணி. 2002 ஆகஸ்டில் ஐஆர்சிடிசி இணையத்தில் டிக்கெட் விற்கத் தொடங்கியபோதும், அந்த விற்பனை இந்த அமைப்பின் மேல்தான் நின்றது.

மார்ச் 13

எதிர்வீட்டு மாமி இரவு கதவைத் தட்டினார். ஒரு செயலியில் பேருந்துக்குப் பணம் கட்டியிருக்கிறார். வங்கிக் கணக்கில் பணம் போய்விட்டது. திரையில் "தோல்வி, மீண்டும் முயலவும்" என்று வந்திருக்கிறது. மீண்டும் முயன்றிருக்கிறார். இரண்டாவது முறையும் பணம் போனது. இப்போது கையில் இரண்டு டிக்கெட்டுகள். மாமிக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்தத் திரையை எழுதிய ப்ராசஸுக்கு உண்மையில் என்ன தெரியும்? செய்தி அனுப்பியது, குறித்த நேரத்துக்குள் பதில் வரவில்லை. அவ்வளவுதான். செய்தி போகும் வழியிலேயே தொலைந்திருக்கலாம். போய்ச் சேர்ந்து, வேலை முடிந்து, பதில் திரும்பும் வழியில் தொலைந்திருக்கலாம். வேலை இன்னும் நடந்துகொண்டும் இருக்கலாம். அனுப்பியவர் இடத்திலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும். இதில் ஒன்றை மட்டும் எடுத்து "தோல்வி" என்று எழுதுவது தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்வது.

இது எவருடைய திறமைக் குறைவாலும் வந்த சங்கடம் அல்ல. தொலைந்து போகக்கூடிய வழியில் எத்தனை முறை செய்தியும் ஒப்புகையும் மாறி மாறி அனுப்பினாலும், இருவரும் ஒரே முடிவில் இருக்கிறார்கள் என்ற முழு உறுதி கிடைக்காது. அக்கோயுன்லு, ஏகநாதம், ஹியூபர் மூவரும் 1975இல் இதை எழுதினார்கள். 1978இல் ஜிம் கிரே இதை இரண்டு தளபதிகள் சிக்கல் என்று பெயரிட்டுப் பரப்பினார். கடைசிச் செய்தி போய்ச் சேர்ந்ததா என்பது அதை அனுப்பியவருக்கு ஒருபோதும் தெரிய வராது.

சிக்கலை ஒழிக்க முடியாது. அதன் தீங்கை ஒழிக்க முடியும். அனுப்பும் முன்பே செய்திக்கு ஓர் எண் கொடுத்து, அதைத் தன் பக்கம் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பதில் வராவிட்டால் அதே எண்ணோடு மறுபடி கேட்க வேண்டும். பெறுபவர் அந்த எண்ணை ஏற்கெனவே கண்டிருந்தால், வேலையை இரண்டாம் முறை செய்யாமல் பழைய பதிலையே திருப்பித் தர வேண்டும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. எண்ணைக் குறிப்பதும் வேலையைச் செய்வதும் தரவுத்தளத்தில் ஒரே பரிவர்த்தனையாக நடக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ப்ராசஸ் செத்தால் பழைய குழப்பம் திரும்பிவிடும்.

மாமியிடம் இன்னொன்றும் சொன்னேன். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. யுபிஐ வழியாகக் கடைக்குக் கட்டிய பணம் கணக்கிலிருந்து கழிந்து, கடைக்கு உறுதியாகாமல் போனால், ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தவறினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. ஆனால் மாமிக்கு அது உதவாது. அவருடைய பணம் இரண்டு முறையும் சரியாகவே போய்ச் சேர்ந்துவிட்டது. தவறாகச் சொன்னது திரை மட்டும்தான். ஒரு டிக்கெட்டை ரத்து செய்து, பிடித்தம் போக மீதியை வாங்கிக் கொடுத்தேன்.

மார்ச் 18

எங்கள் புரோகிராமைத் தம்பியும் நானும் முழுதாக மாற்றி முடித்தோம். ஒவ்வொரு செய்திக்கும் நீளம், எண் இரண்டும் முன்னால். கணக்குப் பட்டியலுக்கு ஒரே ஒரு ப்ராசஸ் பொறுப்பு. மற்றவை கேட்டே எழுதும். செய்தி வரிசைக்கு ஓர் அளவு; நிரம்பினால் அனுப்புபவர் காத்திருக்க வேண்டும், நினைவகம் தீரும்வரை குவிக்கக் கூடாது. பதில் வராத நிலைக்கு "தெரியவில்லை" என்று தனிப் பெயர். அதை விசாரித்துத் தீர்க்க ஒரு தனி வேலை.

பிறகு ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸ்களை வேண்டுமென்றே நடுவில் கொன்று பார்த்தோம். செய்தி போவதற்கு முன் ஒருமுறை, போன பின் ஒருமுறை, கணக்கில் ஏறியும் பதில் கிளம்பாத நொடியில் ஒருமுறை. "அக்கா, கூட்டிப் பார்த்தேன். எதுவும் ரெண்டு தடவை ஏறல, எதுவும் விட்டும் போகல" என்றான். இந்தச் சோதனை இல்லாமல் எந்த நிரலையும் வெளியே விடக் கூடாது என்பது என் உறுதி.

இதைப் படிக்கும் இளம் நிரலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ப்ராசஸ்கள் பரிமாறிக்கொள்ளும் செய்திகளில் யாரோ ஒருவருடைய சம்பளமும் ஊர்ப் பயணமும் மருந்துச் செலவும் போகின்றன. அனுப்பும் முன் எண் கொடுங்கள். பதில் வராததைத் தோல்வி என்று எழுதாதீர்கள். தெரியாததைத் தெரியவில்லை என்று பயனருக்குச் சொல்லுங்கள். விசாரித்து முடிக்கும் பொறுப்பை அவர் தலையில் போடாமல் நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள்.